பங்காளித் தீட்டு

சர்க்கரை வந்தவனுக்கு வாயில் எச்சில் ஊறாது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நாலு வார்த்தை பேசுவதற்குள் தண்ணீர் வேண்டும். அதனால்தான் மேடம், உட்கார்ந்ததுமே அந்தப் பாட்டிலைக் கேட்டேன், பயத்தினால் இல்லை. எனக்கு வாய் ஒழுங்காக ஊறியிருந்தால் காத்தான் இன்றைக்கும் தார் தூக்கிக்கொண்டிருப்பான். நீங்கள் இன்ஸ்பெக்டர், பெரிய காரணமாகத்தான் தேடுவீர்கள். அப்படி ஒன்றும் இல்லை.

ஜீயபுரத்தில் எங்களுக்கு வாழைக்காய் மண்டி. என் அப்பா பெரியண்ணன், மற்றவர்கள் தோப்பில் தார் சுமந்து, அந்தத் தோளை வைத்தே மண்டி வைத்தவர். பத்து வயதில் என்னையும் சுமக்கவிட்டார். "மொதலாளி மவன் தோளு மெத்துன்னு இருக்கக் கூடாது" என்பார். வலது தோளில் காய்ப்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம். கூடவே சுமந்தவன் காத்தான். அவனுடைய அம்மா அழகம்மாள் எங்கள் மண்டியில் சீப்பு அறுத்தவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அப்பா அவனுக்குப் பெரியவர், நான் சின்னவர். எனக்கு அறுபது நெருங்கியும் சின்னவர்தான்.

அவனை நாங்கள் குறைத்து நடத்தியதில்லை. முன்பு அவனுக்குத் தனி டம்ளர் இருந்தது. இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

எங்கள் குலதெய்வம் வாய்க்கால் கரைக் கருப்பு. ஆடிக் கடைசி வெள்ளியில் கருவறையிலிருந்து அருவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பது பெரிய வீட்டு மூத்த மகனுடைய பாத்தியதை. அப்பாவுக்குப் பிறகு நான். அதற்கு ஒரு முறை உண்டு. எடுப்பவனுடைய அம்மா யார், எந்த ஊர், யார் தாலி கட்டினது என்பது பங்காளிகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாய்க்காலைத் தாண்டிப் பிள்ளை பெற்ற வழிக்கு அருவாள் கிடையாது. அடுத்த வழிக்குப் போய்விடும். அடுத்த வழி என்றால் என் சித்தப்பா மகன் இளவரசன். அவன் பதினைந்து வருஷமாக அந்த அருவாளைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

என் தங்கை சித்ராதேவி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். அவள் மகன் மாதவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தைப் பொங்கலுக்கு வந்தவன் மூன்று அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் துப்பி அனுப்பினால், நம் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் எந்தக் காட்டிலிருந்து கிளம்பி எந்த வழியாகக் காவேரிக்கரைக்கு வந்தான் என்று படம் போட்டுக் காட்டுவார்களாம். அவன் அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இளவரசனுக்கு ஒன்று.

"துப்புறதுக்கு வெளியூருக்கு அனுப்பணுமா? எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல வந்து பாரு மாப்ள, பூரா வரலாறும் செவத்துலயே இருக்கு" என்றான் இளவரசன். துப்பிக் கொடுத்துவிட்டான். சித்ராவும் கொடுத்துவிட்டாள். எனக்கு வரவில்லை. கோடு வரைக்கும் எச்சில் வேண்டும், நுரை கணக்கில் சேராது, அரை மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர்கூடக் கூடாது. சர்க்கரைக்காரனுக்கு அது நடக்கிற காரியமா? "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பண்ணுங்க மாமா" என்றான் மாதவன்.

மறுநாள் மண்டியில் உட்கார்ந்து முயற்சி செய்தேன். புளியை நினைத்தேன், ஊறுகாயை நினைத்தேன். குழாயின் அடிகூட நனையவில்லை. கூரியர்காரன் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். காத்தான் அந்தப் பக்கமாகத் தார் வைக்க வந்தான்.

"காத்தான், இதுல துப்பு."

"சர்க்கரை டெஸ்டா சின்னவரே?"

"ஆமா. கோடு வரைக்கும்."

"என் எச்சில்ல உங்க சர்க்கரை எப்படித் தெரியும்?"

"துப்புடா."

சிரித்துக்கொண்டே துப்பினான். மூடி போட்டு வாங்கினேன். குழாயை வெளிப்பக்கம் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன், அவன் கை பட்டது என்பதால். பிறகு என் பெயர் ஒட்டியிருந்த பையில் போட்டு அனுப்பினேன். அறுபதாயிரம் வருஷத்துக் கதையில் யார் எச்சில் என்ன என்றுதான் நினைத்தேன். எல்லாரும் ஒரே வழியாகத்தானே வந்திருப்பார்கள்.

பங்குனியில் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சித்ரா வீட்டில் டி.வி.யில் போட்டுக் காட்டினான் மாதவன். உலகப் படம், அதில் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் ஒரு சிவப்புக் கோடு. கடலோரமாகவே வந்து நம் பக்கம் இறங்குகிறது. அப்புறம் மேற்கேயிருந்து இன்னொரு கோடு வந்து கலக்கிறது. வடக்கேயிருந்து மெலிசாக ஒன்று.

இளவரசனுக்கு ஏமாற்றம். அவன் ஏதோ ராஜா படையில் வந்திருப்போம் என்று இருந்தான்.

"ஆப்பிரிக்காவா? அங்கேருந்து நடந்தேவா வந்தானுங்க?"

"ஆமா மாமா. எல்லாருமேதான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல தர்ப்பணம் பண்ணி வைக்கிறவரும், வாசல்ல சுண்டல் விக்கிறவரும்."

"அவ்வளவு தூரம் நடந்தவன் இன்னும் ஏழெட்டு மைல் நடந்து டவுன்ல எடம் புடிச்சிருக்கலாம்ல? ஜீயபுரத்துலயா வந்து குந்துவான்?"

சித்ரா சிரித்தாள். நானும் சிரித்தேன். அது காத்தானுடைய கோடு என்பது எனக்கு மட்டும் தெரியும். எனக்கும் அதே கோடுதான் வந்திருக்கும் என்று மனதுக்குள் சமாதானமாக இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திறந்தான். இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்று அந்தக் கம்பெனியே கண்டுபிடித்துச் சொல்லுமாம். எனக்கும் இளவரசனுக்கும் ஒரே ஆண் வழி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று சரியாகச் சொல்லியிருந்தது. எனக்கும் சித்ராவுக்கும் நேராக வந்ததும் மாதவன் அவசரமாகப் பக்கத்தை மாற்றினான். இளவரசன் அதற்குள் படித்துவிட்டான்.

"பாதி உடன்பிறப்புன்னா என்ன மாப்ள?"

மாதவன் மெதுவாகச் சொன்னான். "அப்பா ஒருத்தர். அம்மா வேற வேற."

சித்ரா எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பால் வைத்திருந்தாள். திரும்பி வந்து நின்றுகொண்டே, "அம்மா உனக்குத்தான்ண்ணே மொத தோசை போடும். எனக்குப் போட்டதே இல்ல" என்றாள். இளவரசன் செருப்பைப் போடும்போது சொன்னான்: "கோயில் விஷயம் இருக்குண்ணே. பங்காளிங்க கேட்டா நான் மறைக்க முடியாது. அம்மா யாருன்னு தெரியாம அருவாளத் தொட முடியாதுல்ல."

அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் விஷயம் புரிந்தது. துப்பியது காத்தான். அப்படியென்றால் சித்ராவுக்கு அப்பா யாரோ, காத்தானுக்கும் அவர்தான் அப்பா. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் முன்பே கேட்டீர்கள், மண்டியில் ஏழு பேர் இருக்கும்போது ஏன் அவனிடம் குழாயை நீட்டினீர்கள் என்று. அவன் வெற்றிலை போட மாட்டான், வாய் சுத்தம். காது மடல் அப்பாவுக்கு இருப்பதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் நான் கவனித்ததில்லை. தினமும் பார்க்கிற காதை யார் கவனிக்கிறார்கள்?

மாதவன் நல்ல பையன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு குழாய் கொடுத்தான். இந்தத் தடவை எலுமிச்சங்காயை அறுத்து மூக்கின் கீழே வைத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, நானே நிரப்பினேன். ஆனி மாதம் பதில் வந்தது. நானும் சித்ராவும் முழு உடன்பிறப்பு. சித்ரா அழுதுகொண்டே போன் செய்தாள். இளவரசன் மண்டிக்கே வந்து, "மிஷின் தப்புண்ணே, மனசுல வச்சுக்காத" என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

மாதவன் விடவில்லை. படித்தவர்களிடம் இது ஒரு கெட்ட பழக்கம். மிஷின் தப்பு என்றால் ஊரான் ஒருவனுடைய எச்சில் அல்லவா வந்திருக்க வேண்டும், தாத்தாவின் இன்னொரு மகனுடைய எச்சில் எப்படி வந்தது என்று கேட்டான். "எங்கேயோ ஒரு மாமா இருக்காரு மாமா. உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்காரு." சித்ராவோ, "இருந்தா கூட்டிட்டு வாடா, எலை போட்டுச் சோறு போடுறேன்" என்றாள். அவளுக்கென்ன, கட்டிக்கொடுத்த பெண். அருவாள் அவள் எடுப்பதில்லை.

ஆடி பிறந்தது. பூவன் தாருக்கு அப்போதுதான் கிராக்கி. ஒருநாள் காலையில் காத்தான் வந்து என் பக்கத்தில் நின்றான்.

"சின்னவரே, தங்கச்சி மவன் வந்திருந்தாரு. கொழாய்ல துப்பினது நீங்க யாராச்சுமான்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"இல்லன்னுட்டேன். நீங்க ஏதோ காரணமாத்தான பண்ணீங்க. சரிதானுங்களே?"

சரிதான் என்றேன். அவன் எனக்காகப் பொய் சொன்னான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதவன் மறுபடியும் வருவான். ஒரு தடவை கேட்டதற்கு இல்லை என்றவன், பத்துத் தடவை கேட்டால் ஆமாம் என்பான். அவன் ஆமாம் என்றால் அப்பா வாய்க்காலைத் தாண்டியவர் ஆகிவிடுவார். மண்டியில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தை நான் எங்கே திருப்பி வைப்பேன்? அருவாள் இளவரசனுக்குப் போய்விடும். காத்தானை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று பார்த்தேன். நிறுத்தினால் வயிற்றெரிச்சலில் சொல்வான். அவனுக்கும் வயதாகிவிட்டது, வேறு எங்கே போவான்? எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் செய்தேன்.

மூட்டம் போடுகிற அறையை நீங்கள் பார்த்தீர்கள். தார்களை அடுக்கி, மூலையில் பானையில் உமியும் வாழைச்சருகும் புகையவிட்டு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் சேறு பூசிவிடுவோம். மறுநாள் திறந்தால் காய் பழுக்கிற பக்குவத்துக்கு வந்திருக்கும். இப்போது எல்லாரும் கேஸ் வைக்கிறார்கள். கோயில் வியாபாரிகளுக்குப் புகைப்பழம்தான் பிடிக்கும். அந்தப் புகை மனுஷனுக்கு ஆகாது. அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளே போகிறவன் தன் துண்டைக் கதவு வளையத்தில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். துண்டு இருக்கிற கதவை முதலாளியே ஆனாலும் சாத்தக் கூடாது. துண்டு இல்லையென்றால் யாரும் உள்ளே பார்க்க மாட்டார்கள், சாத்திவிடுவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஆட்கள் எல்லாம் முன்பக்கம் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காத்தான் பானையை மூட்டிவிட்டு உள்வரிசையில் தார்களைச் சரி செய்துகொண்டிருந்தான். பச்சைக் கட்டம் போட்ட துண்டு வளையத்தில் இருந்தது. அவிழ்த்தேன். இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான், எப்போதும் அப்படித்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். சேறு குழைத்துத் தயாராக இருந்தது. பூசினேன். சின்ன வயதில் செய்த வேலை, கை மறக்கவில்லை.

"சின்னவரே, துண்டு கட்டியிருக்கேன் பாருங்க" என்றான். யாரோ தெரியாமல் சாத்திவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். கொஞ்ச நேரம் தட்டினான். லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன், அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. இருமினான். அப்புறம் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தம்பி" என்றான்.

எங்கள் வீட்டில் பிறந்தவன் மாதிரிக் கூப்பிட்டான். அழகம்மாள் அவனிடம் சொல்லித்தான் வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே சின்னவரே சின்னவரே என்றிருக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்தவன் முன்பே சொல்லியிருந்தால் நானும் வேறு யாரிடமாவது குழாயைக் கொடுத்திருப்பேன்.

அவன் மண்டியிலேயே தங்குவது உண்டு என்பதால் வீட்டில் தேடவில்லை. காலையில் நான்தான் முதலில் போய்த் திறந்தேன். காரில் வைத்திருந்த துண்டை அவன் தோளில் போட்டேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். துண்டு கட்ட மறந்துவிட்டான், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் நான் சாத்திவிட்டேன் என்று உங்கள் ஸ்டேஷனில் நானே வந்து சொன்னேன். ஆட்களும் அதையே சொன்னார்கள். வளையத்தில் துண்டு இல்லாவிட்டால் சாத்துவதுதான் வழக்கம். நீங்களும் விபத்து என்றுதான் எழுதினீர்கள். சாவுச் செலவு முழுக்க என்னுடையது. நானே போய் நின்றேன்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. பங்காளிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பறை அடிக்கிறது, ஆடு நிற்கிறது, பூசாரி கருவறையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன்.

"வாண்ணே, நேரமாச்சு" என்றான் இளவரசன்.

"நீ எடு. எனக்குத் தீட்டு" என்றேன்.

பங்காளி செத்தால் பதினாறு நாள் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. காத்தான் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. தம்பி என்று கூப்பிட்டுவிட்டுச் செத்தான். காதில் விழுந்த பிறகு விழவில்லை என்று கருப்பிடம் போய்ச் சொல்ல முடியுமா? மனுஷனை ஏமாற்றலாம். முறையை ஏமாற்றக் கூடாது. நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

சித்ரா பங்காளி வீடுகளையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "நம்மள்ல யாரும் சாகலையேண்ணே. யாருக்குத் தீட்டு?" என்றாள். பக்கத்தில் மாதவன் நின்றான். அவன் என்னையே பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

அவன் நேரே வாய்க்காலைத் தாண்டிக் காத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறான். காத்தானுக்கு ஒரே பெண், தேவதர்ஷினி. நர்ஸுக்குப் படிக்கிறாள். அவளிடம் ஒரு குழாயைக் கொடுத்திருக்கிறான். அவளும் எங்கள் வழிதான் என்று பதில் வந்துவிட்டது. அப்பன் வாயில் ஊறியதுதான் மகள் வாயிலும் ஊறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் காத்தான் விஷயத்தில் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம், அவனைச் சாகவிட்டதில் ஒரு லாபமும் இல்லை. அந்தப் பெண் துண்டையும் எடுத்து வைத்திருந்தாள். அப்பா உடம்பு, சட்டை, தலைமுடி எல்லாம் புகை வாசம், துண்டில் மட்டும் காருக்குள் வைக்கிற சென்ட் வாசம் என்று உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான். கெட்டிக்காரி. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கதவைச் சாத்தியது நான். ஆள் உள்ளே இருப்பது தெரிந்து சாத்தினேன். துண்டை அவிழ்த்ததும் நான். யாரும் தூண்டிவிடவில்லை. இதில் கோபமும் இல்லை. அந்த டி.வி. படத்தில் சிவப்புக் கோட்டைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் வழியில் எத்தனை பேரை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் ஊர் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். நான் ஒருவனைத்தான் விட்டேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். ஒரு காரியம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். வருகிற ஆடியில் காத்தானுக்கு முதல் திதி வரும். அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட, உடன்பிறந்தவன் என்று நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் வெளியே விடுவார்களா?